சாண்ட்ரோ குடித்த காபி

காபி போடுறதுல என்னை அடிச்சுக்க இந்த இங்ஹாம் ஊர்லயே ஆள் கிடையாது. உங்களுக்கும் ஒரு கப் போட்டிருப்பேன். வேண்டாம்னுட்டீங்க, பரவாயில்ல.

தம்பி சாண்ட்ரோவைப் பத்தித்தானே கேக்குறீங்க. இருபது வயசுலருந்தே அவனுக்கு பைபோலார், மனசு ஏறி ஏறி இறங்குற நோய். ஏறுச்சுன்னா தூக்கமே கிடையாது, பேச்சு நிக்காது, டிராக்டரை எடுத்துக்கிட்டுப் போய் பக்கத்துக்காரன் கரும்பையும் சேர்த்து உழுதுட்டு வருவான். இறங்குச்சுன்னா படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டான். பெண்டாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, பொண்ணு பியாவைக் கூட்டிக்கிட்டு டவுன்ஸ்வில் போயிட்டா. நான் எங்கயும் போகல. குளிப்பாட்டினது, ஊட்டினது, மனநல வார்டுல கொண்டுபோய் விட்டது, கூட்டிக்கிட்டு வந்தது எல்லாம் நான்தான். சந்தோஷமாத்தான் செஞ்சேன்.

போன வருஷம் கிளினிக் நர்ஸ், அந்த நோய்க்குப் போடுற லித்தியம் மாத்திரையை நிறுத்தாம, காபியையும் சர்க்கரையையும் விட்டுப் பார்க்கச் சொன்னா. நாங்க கரும்பு போட்டுப் பிழைக்கிற குடும்பம், அதுலயும் இத்தாலியிலருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்தவங்க. மாமா சில்வியோ வயிறு குலுங்கச் சிரிச்சார். "அப்படியே பாஸ்தாவையும் விட்டுட்டு ஏதாவது மடத்துல போய்ச் சேர்ந்துடுடா"ன்னார். ஆனா சாண்ட்ரோ விட்டுட்டான். தலைவலியில சுருண்டு கிடந்தான், பல்லைக் கடிச்சுக்கிட்டு விட்டான். குடிச்சா காஃபீன் நீக்கின காபித்தூள்ல மட்டும், அதுவும் வெறும் கசப்பா. ரத்தத்தைப் பார்த்து மாத்திரையோட அளவைக்கூடக் குறைச்சாங்க. தூக்கம் வந்துச்சு, முகம் தெளிஞ்சுது. வாராவாரம் பியாவைப் போய்ப் பார்த்துட்டு வந்தான்.

அறுவடை முடிஞ்சதும் ஒருநாள் சொன்னான். "அக்கா, பியா வீட்டுப் பக்கத்துலயே எனக்கும் ஒரு வீடு பார்த்துட்டேன். இனிமேலாவது நீ உன் வாழ்க்கையைப் பாரு."

எந்த வாழ்க்கைன்னு அவன் சொல்லல. இத்தனை வருஷம் நான் வேற என்ன பார்த்தேன், சொல்லுங்க. அன்னிக்கே டப்பாவுல இருந்த தூளைக் கொட்டிட்டு அசல் தூளை நிரப்பினேன். சர்க்கரை போடல, நாக்குல தெரிஞ்சுடும்.

"இன்னிக்கு தூக்கலா இருக்கே"ன்னான்.

"கடையில வேற தூள் குடுத்தான்"னேன். இன்னொரு கப் கேட்டான். கேக்கக் கேக்கக் குடுத்தேன்.

தூக்கம் போச்சு. பியாவோட ஸ்கூல் வாசல்ல நின்னு பாடியிருக்கான், பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு சிரிச்சிருக்குங்க. இனிமே இந்தப் பக்கம் வராதேன்னுட்டா அவ அம்மா. மறுபடியும் வார்டுல சேர்த்து ரத்தம் எடுத்துப் பார்த்தா, லித்தியம் ரொம்பக் குறைஞ்சிருந்துச்சு. காபி அந்த மருந்தை மூத்திரத்தோட வெளிய தள்ளிடுமாம். காபியைத்தான் விட்டுட்டானே, அப்போ மாத்திரையை முழுங்கலன்னுதானே அர்த்தம். எல்லாரும் அப்படியே முடிவு கட்டிட்டாங்க.

"சத்தியமா போட்டேன்"னு அழுதான். யாரும் நம்பல. என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான். "அக்கா, நீ தினமும் பார்த்தியே. சொல்லேன்."

"நான் பார்க்கலையேடா கண்ணு"ன்னேன்.

மாத்திரை அளவை ஏத்தி வீட்டுக்கு அனுப்பினாங்க. எனக்கும் மனசாட்சி இருக்கு, காஃபீன் இல்லாத தூளையே திரும்ப வாங்கி வச்சேன். ஆனா அவன் அதுக்குள்ள தன்னையே நம்பாம ஆயிட்டான். மாத்திரையைப் போடுவான், போட்டோமா இல்லையான்னு குழம்புவான், மறுபடியும் போடுவான். நல்லாயிட்டா பியாவைப் பார்க்கலாம்னு ஒரே ஏக்கம். மருந்து மிஞ்சி விஷமாயிடுச்சு. கை நடுங்குச்சு, நாக்கு குழறுச்சு, வாந்தி நிக்கல. மாத்திரைப் புட்டி சீக்கிரம் காலியாகுறதை நான் பார்த்தேன். சொல்லப்போனா காபி விஷயமும் வெளிய வந்துடும்னு பேசாம இருந்துட்டேன். மடியில சாய்ச்சு சூப் ஊட்டினேன். சின்னப்பிள்ளையாட்டம் வாயைத் திறந்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் வீடு வீடா இருந்துச்சு.

வலிப்பு வந்தப்போ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். ஆஸ்பத்திரியில அவனைக் காப்பாத்த முடியல.

போலீஸ் ரிப்போர்ட்ல தற்கொலைன்னு எழுதிடாதீங்க, பியா வளர்ந்து படிப்பா. அவன் பிழைக்கத்தான் முழுங்கினான். தூளை மாத்தினது நான், பொய் சொன்னது நான், பார்த்துக்கிட்டே இருந்தது நான். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒண்ணு. என் தம்பி சாகணும்னு நான் ஒருநாளும் நினைச்சதில்ல. கொஞ்சம் நோயோட இருந்தாப் போதும்னுதான் நினைச்சேன்.