அரைச் சுற்று

சண்முகநாதன் பாஸ் தேநீருக்குச் சீனி போடுவதில்லை. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார். வெள்ளிக்கிழமைகளில் கருப்பட்டி வாங்கிவைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஐயா, அவர்மேல் எனக்குப் பகையில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் திருச்செல்வம். கண்டியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். மனைவி அன்னலட்சுமி போய் ஆறு வருடம். மகன் மெல்பேர்னில். கடுகண்ணாவையில் உள்ள மேட்டு வீட்டில் நானும், மாமனார் சீதனமாகத் தந்த மொரிஸ் மைனரும்தான் மிச்சம். துருப்பிடித்துக் கிடந்த அந்தக் காரைப் பாதிவரை நானே திருத்தினேன். அதற்குமேல் கை போகவில்லை. கலகெதரயிலிருந்து கார் மெக்கானிக் சண்முகநாதன் பாஸைக் கூப்பிட்டேன்.

மூன்று மாத வேலை என்றார். ஒன்றரை வருடம் சனிக்கிழமை தவறாமல் வந்தார்.

காரணம் நான்தான். ஞாயிறு காலையில் எதையாவது தளர்த்திவைப்பேன். ஒரு வயர், காபரேட்டரில் ஒரு திருகாணி. அடுத்த வாரம் வந்து தலையைச் சொறிவார்.

"இந்தக் காருக்கு என்னையப் பிடிச்சுப்போச்சு போலங்க ஐயா. விடமாட்டேங்குது."

இருவரும் சிரிப்போம். அடுத்த சனி வரை அந்த வீட்டில் வேறு சிரிப்புச் சத்தம் இல்லை.

கடைசியில் அவர் ஒரு வேலை செய்தார். இறுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் மஞ்சள் பெயின்ற் கோடு ஒன்று போட்டார். "இனி எது அசைஞ்சாலும் காட்டிக்குடுத்துரும். வர்ற சனி பூசை போட்டு ஓட்டிப் பார்த்துட்டா, என் வேலை முடிஞ்சுதுங்க."

வெள்ளிக்கிழமை காருக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். முன்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயின் நட்டில் மட்டும் மஞ்சள் இல்லை. அதனால் வேறு வழியும் இல்லை. அதைத்தான் தளர்த்தினேன், அரைச் சுற்றுத்தான். மிதிக்க மிதிக்க ஒயில் கசியும் என்று சொல்லித்தந்தவரே அவர்தான். புறப்படுமுன் முற்றத்தில் பத்துத் தரம் பிரேக்கை மிதித்துப் பார்ப்பது அவர் பழக்கம். அங்கேயே தெரிந்துவிடும். இன்னும் இரண்டு சனிக்கிழமை கிடைக்கும். என் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் சனிக்கிழமை பாஸ் தன் மனைவி கலாராணியையும் கூட்டிவந்திருந்தார். நல்ல பட்டுச்சேலை.

"ஒன்றரை வருசமா சனிக்கிழமைல இந்த மனுசன் வீட்டுல இல்லைங்க. வீட்டுல பைப்பு ஒழுகுது, பார்க்க ஆளில்ல. ஐயா கார் மட்டும் மினுங்குது."

தேங்காய் உடைத்தோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பாஸ் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். பெடலை மிதித்துப் பார்க்கக் காலைத் தூக்கியபோது, பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்த கலாராணி கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"நல்ல நேரம் முடியப்போகுது. எடுங்க. பழம் நசுங்கினா கோயில் வரைக்கும் நிறுத்தக்கூடாது."

கோயில் கணவாயின் அடிவாரத்தில். எங்கள் கேற்றிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இறக்கம் தொடங்கிவிடும். நான் ஜன்னலில் கை வைத்தேன்.

"என்னங்க ஐயா, ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்டுமில்லை பாஸ். கவனமாப் போட்டு வாங்கோ."

பழங்கள் நசுங்கின. கேற்றை நான்தான் திறந்துவிட்டேன். பிறகு மூன்று பேருக்கும் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். கலாராணிக்குச் சீனி போடுவதா என்று கேட்காமல் விட்டது எனக்கு இன்னும் வருத்தம். தண்ணீர் கொதிக்குமுன் கீழ் வளைவிலிருந்து சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்தேன்.

ஜன்னலில் கை வைத்தவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த ஒரு நட்டைச் சொன்னால் ஒன்றரை வருடத்து நட்டுகளையும் சொல்லவேண்டி வரும். பாஸ் கோபக்காரர் இல்லை. ஸ்பானர்கள் கிடக்கும் ஆயுதப் பெட்டியைப் பேசாமல் எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை வந்திருக்கமாட்டார், ஐயா.