கறுப்புக் கரை போட்ட கடிதம்

எங்கள் தெருவில் தபால் பதினொன்றேகாலுக்கு வரும். பத்து மணியிலிருந்தே என்னால் உட்கார முடியாது. வாசலுக்கும் கேட்டுக்கும் நடப்பேன். பெட்டியைத் திறந்து பார்ப்பேன், இன்னும் வந்திருக்காது என்று தெரிந்தே பார்ப்பேன். உங்கள் குறிப்பில் என்னைப் ‘பொறுமைசாலி’ என்று எழுதியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. அது சரியில்லை. நான் அவசரக்காரன். அதை முதலில் திருத்திவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

பெயர் அருமைநாயகம். வயது ஐம்பத்தொன்பது. பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தர். மனைவி சாலோமி, பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள். பிள்ளைகள் இல்லை.

விருப்ப ஓய்வில் வேலையை விட்டபிறகு எனக்குப் பொழுது போகவில்லை. சர்ச் சபையில் திருமணச் சான்றிதழ்களில் பெயர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி எழுதியதை யாரோ படம் எடுத்து இணையத்தில் போட, அதைப் பார்த்து பின்லாந்திலிருந்து ஹெல்வி என்ற அம்மாள் எழுதினார். உலகம் முழுக்கச் சிலர் இருக்கிறோம், நிப்புப் பேனாவும் மையும் வைத்து அழகெழுத்தில் கடிதம் எழுதித் தபாலில் அனுப்பிக்கொள்கிறோம், நீங்களும் சேருகிறீர்களா என்று கேட்டிருந்தார். சேர்ந்தேன். அது இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜனவரி. ஆறு மாதத்தில் பதினான்கு பேருக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

சாலோமிக்கு இது பிடித்துத்தான் இருந்தது. கடைப் பசை காய்ந்து உதிர்கிறதென்று மைதா காய்ச்சிப் பசை செய்து தருவாள். உறை ஒட்டுவது, தபால்தலை ஒட்டுவது எல்லாம் அவள்தான். எழுத்தை மட்டும் அவளால் வாசிக்க முடியாது. “இங்கிலீஷ்தானா இது? கொடி படர்ந்த மாதிரில்லா இருக்கு. இதப் போயி அந்தச் சனங்க எப்படி வாசிக்காவ?” என்பாள்.

ஆனால் கடிதங்கள் மெல்லக் குறைந்தன. என்னிடம் சொல்ல விஷயம் இல்லை, அதுதான் காரணம். வெயில், மழை, சபைப் பண்டிகை, முருங்கைமரம். மூன்று பக்கம் எழுதினால் அரைப்பக்கம் பதில் வந்தது. ஹெல்வி அம்மாளே இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று ஆக்கிவிட்டார். நான் கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தபால் கொண்டுவரும் பிரம்மநாயகி தெருமுனையில் திரும்பும்போதே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவாள்.

அந்தச் சமயத்தில் நான் கோதிக் எழுத்து பழகினேன். கட்டையான, கறுத்த எழுத்து. வெள்ளைக்காரர்கள் பழைய நாளில் மரண அறிவிப்புக்குப் பயன்படுத்தியது. இரண்டு மாதம் பழகி, கை நன்றாகப் படிந்துவிட்டது. அந்த எழுத்தில் முருங்கைமரத்தைப் பற்றி எழுத முடியாது. எழுதிப் பார்த்தேன், கேவலமாக இருந்தது. அதற்கு ஏற்ற செய்தி ஒன்று வேண்டியிருந்தது.

அதனால் சாலோமிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன்.

முதலில் அவ்வளவுதான். இரண்டே வரி. பதினான்கு பேரில் பதினொரு பேர் உடனே பதில் எழுதினார்கள். ஒருவர் காய்ந்த ஊதாப்பூவை மெல்லிய தாளில் வைத்து அனுப்பினார். ஹெல்வி அம்மாள் ஆறு பக்கம் எழுதியிருந்தார், தன் கணவர் இறந்ததைப் பற்றி, அதற்குமுன் யாரிடமும் சொல்லாததையெல்லாம். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். நடிப்பில்லை. சாலோமி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன ஆச்சு? கண்ணுல தூசியா?” என்றாள். தூசிதான் என்றேன்.

பிறகு நோய் வளர்ந்தது. நான் வளர்க்கவில்லை, ஒவ்வொரு கடிதத்திலும் அது தானாகவே கொஞ்சம் முற்றியது. வாரத்துக்கு நாலைந்து உறை வந்தன. பிரம்மநாயகி இப்போது தெருமுனையிலிருந்தே கையை உயர்த்திக் காட்டுவாள். இரண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச் பதினாலாம் தேதி காலையில் சாலோமி அமைதியாக இறந்தாள் என்று எழுதினேன். கெட்டித் தாள், ஓரத்தில் கறுப்புக் கரை. நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். பதினான்கு பிரதி. பதினான்கு உறையையும் சாலோமி ஒட்டிக் கொடுத்தாள். கறுப்புக் கரை லேசாக வெளியே தெரிந்ததைப் பார்த்து, “இது என்ன டிசைனு, நல்லா இருக்கே” என்றாள்.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். அன்றைக்கு அவளுக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மத்தியானம் மீன்குழம்பு வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம்.

அதன்பிறகு ஒன்றரை வருஷம் நான் மனைவியை இழந்தவனாக எழுதினேன். அதில் ஒரு சங்கடம் இருந்தது. அவளைப் பற்றி நல்லபடியாக எழுத எழுத, கடிதத்தில் இருந்த சாலோமி எனக்கு நெருக்கமாகிவிட்டாள். குறைவாகப் பேசுவாள், நான் எழுதும்போது பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் இருந்தவள் அப்படி இல்லை. மிக்சியை ஓடவிட்டுக்கொண்டே வள்ளியூரிலிருக்கும் தங்கை கிறிஸ்டியிடம் போனில் கத்திப் பேசுவாள். ஒருநாள் உள்ளே கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டு, வீட்டில் யார் என்று ஒரு நொடி நிஜமாகவே திடுக்கிட்டேன்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று அக்டோபர் கடைசியில் ஒருநாள் தபால் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஹெல்வி அம்மாள் பனியில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். இடதுகையால், குழந்தை எழுதுவதுபோல் தனித்தனிப் பெரிய எழுத்தில், ஒரு தபால் அட்டை எழுதியிருந்தார். அட்டைக்கு உறை கிடையாது. பிரம்மநாயகி அதைச் சாலோமி கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

நான் துண்டோடு வெளியே வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள்.

“ஜனவரி ஒம்பதாந் தேதி திருநெல்வேலிக்கு வாராளாம். உங்க அன்பு மனைவி சாலோமி கல்லறையில பூ வைக்கணுமாம்” என்றாள். “நான் செத்துட்டேன்னா எழுதுனிய?”

நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

“எப்பம் செத்தேன்?”

“மார்ச்ல. போன வருஷம்.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தாள். கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அட்டையை மேஜைமேல் வைத்து, “எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லலை. ஆனா அந்தப் பொம்பளைய நெனச்சாத்தான் பாவமா இருக்கு. வரட்டும். நானே காப்பி போட்டுக் குடுத்து, நாந்தாம்மா அந்தச் சாலோமின்னு சொல்லுதேன். நீங்க ஒண்ணும் பேசாண்டாம், பக்கத்துல நின்னாப் போதும்” என்றாள்.

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹெல்வி அம்மாள் அந்த ஆறு பக்கத்தை எனக்கு எழுதியவர். என் மனைவி காப்பித் தம்ளரோடு வந்து நின்றால், அந்த ஆறு பக்கம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வயதான பெண்ணை அப்படி அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

வர வேண்டாம் என்று எழுதினேன். அது போய்ச் சேருமுன்பே, டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று இன்னொரு அட்டை வந்தது. உண்மையை எழுதவும் முயன்றேன், மூன்று முறை. காப்பர்பிளேட், இட்டாலிக், கோதிக் என்று எனக்குத் தெரிந்த மூன்று எழுத்து வகையிலும். ‘சாலோமி உயிரோடு இருக்கிறாள்’ என்ற வரி எந்த எழுத்திலும் சரியாக உட்காரவில்லை. அந்த மூன்று வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மார்க்கெட் வரை நடப்பேன், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்புவேன். சாலோமி மட்டும் கவலையில்லாமல் இருந்தாள். விருந்தாளிக்கென்று ஜன்னல் திரை தைத்தாள்.

நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை. ஆழ்வார்குறிச்சியில் என்னோடு வேலை பார்த்த வேதநாயகத்தின் மகளுக்குக் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, அம்பாசமுத்திரத்தில் இறங்கி ஆற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். மணி மூன்று. மலையில் மழை, தாமிரபரணியில் செந்தண்ணி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. ஊருக்குத் தள்ளி ஒரு படித்துறை. அந்த வெள்ளத்தில் யாரும் இறங்கியிருக்கவில்லை.

“காலை நனைச்சுக்கோ, அலுப்புத் தீரும்” என்றேன்.

பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பைய இறங்கினாள். கடைசிப் படி பாசி பிடித்திருந்தது. நான் பின்னால் நின்று அவள் முதுகில் கையை வைத்தேன். தாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்து அவள் என் கைமேல் சாய்ந்தாள். “விட்டுராதிய, வழுக்குது” என்றாள்.

நான் தள்ளினேன். கால் வழுக்கியது என்று முதலில் உங்களிடம் சொன்னது உண்மையில்லை. வலதுகையால் தள்ளினேன், ஒரே முறை, அதிக பலம் தேவைப்படவில்லை.

ஒருமுறை தலை மேலே வந்தது. என்னைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முப்பது வருஷத்தில் அதுதான் முதல்தடவை. முந்தானை கண்ணுக்கு மறைந்தபிறகு நான் சத்தம் போட்டேன். கரைக்கு மேலே வயலில் நின்ற பூதத்தான் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். வெள்ளம் என்றும் பாராமல் பூதத்தான் இடுப்பளவு இறங்கித் தேடினார். அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை, நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள். மறுநாள் மத்தியானம்தான் கிடைத்தாள்.

அடக்க ஆராதனையில் சபை முழுவதும் வந்திருந்தது. கிறிஸ்டி என் தோளில் விழுந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றரை வருஷம் எழுதித் தீர்த்துவிட்டதால் இருக்கும்.

டிசம்பரில் கல்லறைக்குக் கல் வைத்தேன். அதில் செதுக்க வேண்டிய எழுத்தை நானே தாளில் எழுதி, கல் கொத்துகிற பேச்சிராஜிடம் கொடுத்தேன். அவன் வாசித்துவிட்டு, “ஐயா, அம்மா போன மாசந்தானே எறந்தாவ? மார்ச் பதினாலுன்னு போட்டிருக்கியளே, வருசமும் மாறியிருக்கே” என்றான். எழுதியபடி கொத்து என்றேன்.

ஹெல்வி அம்மாள் சொன்ன தேதியில் வந்தார். ஒல்லியான, உயரமான பெண்மணி. வெயிலில் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லுக்கு முன்னால் வெகுநேரம் மண்டியிட்டிருந்தார். மண் ஏன் புதிதாக இருக்கிறது என்று கேட்டார். கல்லைப் புதுப்பித்தோம் என்றேன். நம்பினார். சாலோமி தைத்த திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். “உங்கள் கடிதங்கள்தான் என்னை உயிரோடு வைத்திருக்கின்றன” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஒரு மணிநேரம் எனக்கு எழுந்து நடக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஈஸ்டர் காலையில் கிறிஸ்டி அக்காளுக்குப் பூ வைக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். தேதியைப் பார்த்தாள். என்னிடம் கேட்டாள், கல் கொத்தியவன் பிழை என்றேன். அவள் பேச்சிராஜிடம் போனாள். நான் எழுதிக் கொடுத்த தாளை அவன் பத்திரமாக வைத்திருந்தான், எழுத்து அழகாக இருக்கிறதென்று. அதை எடுத்துக்கொண்டு அவள் நேராக உங்களிடம் வந்தாள். நீங்கள் என் வீட்டிலிருந்த உறைகளில் முகவரி பார்த்துப் பின்லாந்துக்கு எழுதி என் கடிதங்களை வரவழைத்தீர்கள். எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி சாலோமியை நான்தான் ஆற்றில் தள்ளிக் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன். பால்பாயிண்ட் பேனாவென்றாலும் பரவாயில்லை.

அந்தக் கடிதக் கட்டோடு ஹெல்வி அம்மாள் எனக்கென்று தனியாக ஒரு தாள் அனுப்பியிருந்ததை நேற்று காட்டினீர்கள். ‘அவர் உயிரோடு இருந்தாரா? நான் வருகிறேன் என்றதாலா?’ இந்த இரண்டு கேள்விதான் அதில். வாசித்துவிட்டு நான் தலையைக் குனிந்துகொண்டதை, குற்ற உணர்வு என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அதையும் திருத்த வேண்டும். மணிக்கட்டு குணமாகி எத்தனையோ மாதம் ஆகிறது, அம்மா. எனக்கு எழுதும் கடிதத்தை அவர் கையால் எழுதாமல் டைப் அடித்து அனுப்பியிருந்தார். இவ்வளவு நான் செய்தபிறகும் ஒருவரால் எப்படி அவ்வளவு இரக்கமில்லாமல் இருக்க முடிகிறது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.