கொட்டை போட்ட மரம்

பூமாரி: மார்ச்சரி வாசல்ல ஒக்காந்துகினு எவனாச்சும் மாம்பழம் அறுப்பானாய்யா?

ராமன்: நேத்துலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ. நம்ம வூட்டு மரத்துதுதான்... நம்ம புள்ள எழிலு வெச்சது.

பூமாரி: வேணா. தொண்டையில எறங்காது.

ராமன்: ஒரு பத்தை. ரெத்தம் எடுக்க சொல்ல மயங்கி வுழுந்துடப் போற.

பூமாரி: ...ஒரே நாரு.

ராமன்: பங்கனபள்ளியத் துன்னுட்டுத்தான் கொட்டைய நட்டான். காய்ச்சது இன்னா? உருண்டையா, காம்பாண்ட செவப்பு, பல்லு பூரா நாரு.

பூமாரி: தெருவே சிரிச்சுது.

ராமன்: உன் தம்பி சொன்னான், "இது எந்த ஜாதியிலயும் சேராது, வெட்டிடு மாமா"ன்னு.

பூமாரி: ஒட்டுச்செடி வாங்கியிருந்தா தாய் மரம் மாதிரியே காய்ச்சிருக்கும்.

ராமன்: கொட்டை போட்டா அப்டித்தான். ஈ எந்த மரத்துப் பூவுலேர்ந்து இன்னாத்தக் கொண்டாந்துச்சோ... ஆனா ஊறுகாய்க்கு அது மாதிரி ஒண்ணு இந்த ஏரியாவுலயே கெடையாது. நான் வெட்டல.

பூமாரி: இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

ராமன்: சும்மாதான்.

பூமாரி: யோவ்... நான் ரெத்தம் குடுக்கறேன். நீ உள்ள போவாத. உனக்கு சக்கர கீது.

ராமன்: சக்கரைக்கும் இதுக்கும் இன்னாடி?

பூமாரி: சொன்னா கேளேன்! அம்மா ரெத்தமே போதும்னு பெஞ்சுல ஒக்காந்துகினு கீற அந்தக் கெழவி சொல்லுது.

ராமன்: உள்ள மூணு பேரு கெடக்கறானுங்க. மூணும் கரிக்கட்டை. அப்பன் ஆத்தா ரெத்தத்தோட ஒத்துப்போனாத்தான் இது உன் புள்ளன்னு குடுப்பானாம்.

பூமாரி: ஒத்துப்போவலன்னா?

ராமன்: குடுக்க மாட்டான்.

பூமாரி: ஐயோ, எம் புள்ள...

ராமன்: அழுவாத. ஞாயித்துக்கெழம ஓ.டி. வேணாண்டான்னேன். கேக்காம ஒரகடம் பஸ்ஸுல ஏறிட்டான்... கம்பெனில பெயிண்ட் அடிக்கற எடத்துல தீ புடிக்கும்னு யாரு கண்டா?

ஆஸ்பத்திரி ஆள்: எழிலரசன் அப்பா யாருப்பா? மொதல்ல நீ வா.

பூமாரி: ஐயோ, அவரு வேணா சார்! அவருக்கு ஒடம்பு...

ராமன்: அம்மா வருது சார். எனக்கு ஊசின்னா பயம்.

ஆஸ்பத்திரி ஆள்: நரைச்ச மீச வெச்சுகினு பயமா? சரி, அம்மா ரெத்தம் போதும், நீ வாம்மா.

பூமாரி: இன்னாய்யா பொய் இது? தெனம் காத்தால நீயேதான சக்கர ஊசி குத்திக்கற?

ராமன்: போ... நீயே குடு. அவன் தொட்டில்ல கெடக்க சொல்லவே எனக்குத் தெரியும் பூமாரி. புள்ளய வூட்டுக்கு இட்னு போவணும், என் ரெத்தம் குறுக்க நிக்க வேணாம். மண்ணு நான் போடறேன். அதுக்கு எவனும் ரெத்தம் கேக்க மாட்டான்.