இருபத்து மூன்று வரியை ஒரு வரியாக்கிய விவரம்

எனக்கு வளவளப்பு ஆகாது, சார். கடிதமானாலும் கம்ப்யூட்டருக்கு எழுதும் கோடானாலும், ஒரு வரியில் முடிகிற காரியத்துக்கு இரண்டாவது வரி எழுதக் கை கூசும். வாக்குமூலம் எழுத நீங்கள் நான்கு தாள் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு போதும். மலையாளம் பேசுவேன், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

என் பெயர் நீலகண்டன். ஊர் தென்காசிப் பக்கம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், கீழே சுக்கு மூட்டை அடுக்கியிருக்கும் கட்டடத்தின் மாடியில் எங்கள் கம்பெனி. போர்ட் கொச்சியில் உள்ள ஒரு தர்ம ஆஸ்பத்திரி, ஏழை நோயாளிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியில் இன்சுலின் அனுப்புகிறது. யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிப்பது எங்கள் புரோகிராம். எலிக்சர் என்ற மொழியில் எழுதியது.

அதில் மேப் என்று ஒன்று உண்டு. சாவி ஒன்று, சாவிக்குரிய பொருள் ஒன்று. எங்கள் மேப்பில் நோயாளியின் போன் நம்பர்தான் சாவி. அதே நம்பரோடு இன்னொருவர் வந்தால், முன்பு இருந்தவரை எடுத்துவிட்டு வந்தவரை வைத்துக்கொள்ளும். சத்தம் போடாது, பிழை என்றும் சொல்லாது. அது அதன் சுபாவம்.

இந்த மேப்பைக் கட்டும் பகுதியை முதலில் எழுதியவள் இசக்கிசெல்வி. பள்ளுருத்தியில் பிறந்து வளர்ந்தவள், என்னைவிட ஆறு வயது சின்னவள். இருபத்து மூன்று வரி எழுதியிருந்தாள். ஒவ்வொரு நம்பரையும் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பழைய ஆளோடு புது ஆளையும் சேர்த்து, இல்லாவிட்டால் புதிதாக வைத்து, மாட்டுவண்டி போல ஊர்ந்தது. அந்த மொழியில் ஊறியவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். நான் அதை அழித்துவிட்டு ஒரே வரியில் எழுதினேன். எல்லோரும் இருந்த கூட்டத்தில் இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, “இது என்ன, கோடா, கல்யாணப் பத்திரிகையா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தலைவர் லக்ஷ்மிநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. “ஒரே நம்பர்ல கொறே ஆளு, ஏழெட்டுப் பேரு வரைக்கும் உண்டு அண்ணா. அதுகொண்டுதான் இவ்வளவு நீளம்” என்றாள். “பார்த்துக்கலாம்” என்றேன்.

அவள் சொன்னது எனக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வரும் எங்கள் ஆட்கள் ரீசார்ஜ் சலுகைக்காக மூன்று மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுவார்கள். அதனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எங்கே கேட்டாலும் தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர் நம்பரைக் கொடுப்பார்கள். பள்ளுருத்தியில் ஒரு லைன் வீடு முழுவதற்கும் முகைதீன் பிச்சை அண்ணன் கடை நம்பர்தான். நான் வந்த புதிதில் அங்கேதான் குடியிருந்தேன். என் வேலை விண்ணப்பத்திலும் அவர் நம்பர்தான் இருந்தது.

வண்டி கிளம்பும் நாள் காலையில் பட்டியலைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு பேர் இருக்க வேண்டும். தொண்ணூறு பேர்தான் இருந்தார்கள். முகைதீன் பிச்சை நம்பரில் இருந்த ஏழு பேரில் கடைசியாகப் பதிந்த சுடலைமணி மட்டும் மிஞ்சியிருந்தார்.

இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்க விரும்புகிறேன். அதைச் சரிசெய்ய இருபத்து மூன்று வரி தேவையில்லை. ஒரே சாவிக்காரர்களைக் குழுவாகச் சேர்த்து மேப் கட்டவும் அந்த மொழியில் வழி இருக்கிறது. அதுவும் ஒரே வரி. அது எனக்கு அன்றும் தெரியும். ஆனால் மாற்றினால் யார் மாற்றியது, எதற்கு மாற்றியது என்று பதிவாகும். கூட்டம் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவனைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். வண்டி போனது.

விடுபட்ட ஆறு பேரில் ஐந்து பேர் தாங்களே ஆஸ்பத்திரிக்கு நடந்து போய், சீட்டைக் காட்டி மருந்து வாங்கிக்கொண்டார்கள். ஐந்து பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். ஆறாவது ஆள் மாயம்மாள். வயது நாற்பத்தொன்று. மார்க்கெட்டில் கீரை விற்பவள். தினமும் இரண்டு வேளை ஊசி.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. தமிழில் வரும் போனை என்னிடம் தருவார்கள். முகைதீன் பிச்சை அண்ணன்தான். “தம்பி, மாயம்மாளுக்கு மருந்து வரலியே. லிஸ்டை ஒண்ணு நோக்குங்க” என்றார். நோக்கினேன். லிஸ்டில் பேர் இல்லை என்றேன். அது பொய்யில்லை.

பத்தாம் நாள் அவள் இறந்துபோனாள். இசக்கிசெல்விதான் தன் இருபத்து மூன்று வரியையும் என் ஒரு வரியையும் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வரியில் பிழை நேர்ந்துவிட்டது என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அப்படியே விட்டால் எனக்குத் தண்டனை குறையும் என்று வக்கீல் சொன்னார். ஆனால் போன் பேச்சில் பாதியைத்தான் உங்களிடம் சொன்னேன். மீதியை மனதில் வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

அண்ணன் போனை மாயம்மாளிடம் கொடுத்தார். மார்க்கெட் சத்தத்துக்கு நடுவே பேசுகிறவள் போலக் கத்திப் பேசினாள்.

“ஏன்யா, எனக்கு மட்டும் எதுக்கு நிறுத்திட்டாவ?”

அந்த வரி என் எதிரே திரையில் திறந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் இசக்கிசெல்வி இருந்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“டாக்டர் சொல்லித்தான் நிறுத்தியிருப்பாங்கம்மா. சுகர் கொறஞ்சிருக்கும்.”

“அப்ப எனக்குச் சொகமாயிட்டா?”

“ஆமாம்மா.”

“இனிமே ஊசியே வேண்டாமா?”

“வேண்டாம்மா.”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே பக்கத்தில் இருந்தவர்களிடம் கத்திச் சொன்னாள், சிரித்தாள், நான் நல்லாயிருக்க வேண்டும் என்று வாழ்த்தினாள். பதினோரு வருஷமாக ஊசி குத்திக்கொண்டிருந்தவள், சார். கடைசி ஒரு வாரம் அவள் சந்தோஷமாக இருந்திருப்பாள். அது நான் கொடுத்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.