ஜெயில் சட்டை ஆணியில தொங்குது

...ஆடாதீங்க தம்பி, ஆடாதீங்க. குண்டூசி குத்திட்டா என்னைச் சொல்லக் கூடாது. கையைத் தூக்குங்க. அய்ய, அவ்ளோ வேணாம், பஸ்ஸுல கம்பி பிடிக்கிற மாதிரி போதும். ம்... எங்க விட்டேன்? ஆங், உங்க டைரக்டர்! முப்பது வருஷமா இந்த நாடகக் கம்பெனிக்குத் தைக்கிறேன். ராஜாவுக்குத் தைச்சிருக்கேன், பைத்தியத்துக்குத் தைச்சிருக்கேன், ஒரு தடவை மரத்துக்குக்கூடத் தைச்சிருக்கேன். திருடனுக்குப் பரிசா வெல்வெட் கோட்டு தைக்கிறது இதுதான் முதல் தடவை!

பின்ன என்ன? நீங்களே சொல்லுங்க... வேணாம், நீங்க பேசினா தோள் அசையுது. நானே சொல்றேன். நாடகத்துல நீங்க யாரு? அண்ணன். கூடப் பொறந்த தங்கச்சி பேர்ல கள்ளக் கையெழுத்துப் போட்டு, அவ வீட்டை அமுக்கிட்டு, அவளை நடுத்தெருவுல நிறுத்துறவன். கடைசி சீன்ல என்ன நடக்கணும்? ஜட்ஜ் தீர்ப்பு சொல்லணும். நீங்க ஜெயில் சட்டையில நிக்கணும். தங்கச்சி உங்களை ஒரு பார்வை பாக்கணும். அவ்ளோதானே? அம்சமா இருந்திச்சு! இப்போ என்னடான்னா ஜட்ஜும் இல்ல, ஜெயிலும் இல்ல. புதுக் கோட்டைப் போட்டுக்கிட்டு, வீட்டுச் சாவியை விரல்ல சுத்திக்கிட்டு, சீட்டியடிச்சுக்கிட்டே நீங்க பாட்டுக்குப் போறீங்களாம். திரை விழுதாம். கேட்டா, "நிஜ வாழ்க்கையில தப்புப் பண்ணவன் எல்லாம் மாட்டுறானாம்மா?"ன்னு என்னையே திருப்பிக் கேக்குறாரு மனுஷன்.

மாட்டலதான்! அது தெரியாமயா இருக்கோம்? தெரிஞ்சுதானேய்யா, ரெண்டு பஸ் மாறி நாடகம் பாக்க வர்றாங்க? வெளிய நடக்கலையேன்னுதானே உள்ள வர்றாங்க? உள்ளயும் அதே கதின்னா, வாசல்லயே நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போயிடலாமே!

திரும்புங்க. முதுகு... தொப்பையைப் பிடிச்சுக்குங்க, பஞ்சு ஒரு பக்கமா இறங்குது. வில்லன்னா தொப்பை வேணுமாம், அது வேற. எங்க வீட்டுக்காரர் இருக்காரே, டிவி முன்னாடி உக்காரும்போதே கேப்பாரு, "இவன் மாட்டுவானா?" மாட்டுவான்னு சொல்லிட்டேன்னு வைங்க, அஞ்சு நிமிஷத்துல நிம்மதியாக் குறட்டை. ஒரு தடவை வில்லன் தப்பிச்சுக் கப்பல் ஏறிட்டான். ரெண்டு நாள் என்கூடப் பேசலை! நானா கப்பல் ஓட்டினேன்?

சிரிக்காதீங்க, தொப்பை குலுங்குது. உள்ள உங்க இடுப்பு வேற ரெண்டு இஞ்ச் இறங்கிப்போய்க் கெடக்கு. பத்து நாளாவே பாதிச் சாப்பாடா? டைரக்டர் உத்தரவா? வெறும் வெள்ளரிக்காயா? அடக் கடவுளே... சரி சரி, அதை எதுக்கு இப்போ பேசிக்கிட்டு. கையை இறக்குங்க.

நேத்து நம்ம ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டினோமே, அதுல ஒண்ணு நடந்திச்சு, உங்களுக்குத் தெரியாது. நீங்க மேக்கப் கலைக்கப் போயிட்டீங்க. எல்லாரும் கை தட்டிட்டு எந்திரிச்சுப் போயாச்சு. திரை ஓரத்துல தையல் விட்டிருந்திச்சேன்னு நான் ஊசியோட போறேன், முன் வரிசையில ஒரு அம்மா. மடியில கைப்பை. அசையவே இல்ல. "முடிஞ்சிருச்சும்மா"ன்னேன். "தெரியுது. அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சு?"ன்னாங்க. ஒண்ணும் ஆகலை, கதையே அவ்ளோதான்னேன். என் மூஞ்சியையே பாத்துட்டு மெதுவாச் சொன்னாங்க: "அவனுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, அந்தப் பொண்ணுக்கு நடந்ததும் ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடுதேம்மா."

ஊசி கையிலயே நிக்குது. லைட்டை அணைக்கிற வரைக்கும் அந்த அம்மா அங்கேயே உக்காந்திருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, தூக்குல போடு, தோலை உரின்னா கேட்டாங்க? இல்லையே! யாராவது ஒருத்தர் எந்திரிச்சு, "இவன்தான் பண்ணான், இவளுக்குத்தான் நடந்திச்சு"ன்னு நாலு பேர் காதுல விழற மாதிரி சொல்லணும். அதுக்குத்தானே ஜட்ஜ்? அதுக்குத்தானே அந்த ஜெயில் சட்டை? அதோ பாருங்க, ஆணியில தொங்குது. மூணு நாள் வேலை. அந்த வரிக் கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி தைச்சேன், தெரியுமா? யார் கவனிக்கிறா?

சரி, அந்த சீனை ஏன் தூக்கினாருங்கிறீங்க? வாழ்க்கை, நிஜம்னு எல்லாம் அப்புறம் சேத்துக்கிட்டது. ரிகர்சல்ல சிரிச்சுட்டாங்க, அதான் ரோஷம்! ஜட்ஜ் கம்பீரமா "ஏழு வருஷம்"ங்கிறாரு, நீங்க மூச்சை இழுக்குறீங்க, டப்பு டப்புன்னு ரெண்டு பட்டன். ஒண்ணு ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியில. இன்னொண்ணு ஆர்மோனியக்காரர் டீ கிளாஸ்ல! தங்கச்சியா நடிக்கிற பொண்ணே தரையில உக்காந்துடுச்சு சிரிச்சு. டைரக்டர் இங்க வந்து கத்துறாரு, என்னம்மா சட்டை இதுன்னு. நான் சொன்னேன், நான் என்னங்க பண்ணுவேன்... ஆள் அப்படி... சரி, பழைய கதை. ஏதோ சொன்னேன். அவரும் சீனைத் தூக்கிட்டாரு.

என்ன கையில? அந்த நோட்டை ஏன் எடுக்குறீங்க? வைங்க. வெறும் அளவு நோட்டு, அதுல என்ன இருக்கு? தம்பி... வைங்கன்னேன்ல. கண்ணாடி இல்லாம உங்களுக்கு எழுத்தே தெரியாதே...

தெரியுதா. ம்.

ஆமா. இடுப்பு முப்பத்தாறு. ஆமா, தொப்பை இல்லாம எடுத்தது. எல்லாப் பக்கத்துலயும் "தொப்பையோட"ன்னு எழுதியிருக்கேன், அந்த ஒரு பக்கத்துல இல்ல. அன்னிக்குத் தொப்பையைத் துவைச்சு வெயில்ல போட்டிருந்தேன். அப்புறமா பத்து இஞ்ச் சேத்துக்கலாம்னு நெனச்சேன், மறந்துட்டேன். பஞ்சைத் திணிச்சதும் நானு, நாடா வச்சு அளந்ததும் நானு, அது இருக்குங்கிறதையே மறந்ததும் நானு! முப்பது வருஷம் தைச்ச கை!

அதை அப்படியே சொல்லியிருக்கலாம். டைரக்டர் கத்தினதும் வாய் முந்திக்கிச்சு. "ஆளு நாளுக்கு நாள் பெருக்குறாருங்க, எத்தனை சட்டை தைச்சாலும் தெறிக்கும்"னுட்டேன். அவரு நம்பிட்டாரு. இது சரிப்பட்டு வராதுன்னு சீனையும் வெட்டி, உங்க சாப்பாட்டையும் வெட்டிட்டாரு. நான் இந்த மேசையில உக்காந்து வழக்கம்போல வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நான் பேசாதீங்கன்னது தோளுக்குத்தான் தம்பி. திட்டுங்களேன். இப்படிப் பாக்காதீங்க... அந்தத் தங்கச்சி பாக்க வேண்டிய பார்வை அது, நீங்க எங்கேருந்து கத்துக்கிட்டீங்க?

சரி. கோட்டைக் கழட்டுங்க. மெதுவா, ஊசி இருக்கு. நேத்து ராத்திரி பூரா டைரக்டரைத் திட்டினேன், வில்லனைச் சும்மா விட்டுட்டாருன்னு. என் வீட்டுக்காரர் பாவம், அவரும் சேந்து திட்டினாரு. சும்மா விட்டது யாரை, என்னைத்தானே? அந்த ஜெயில் சட்டையை எடுங்க. ரெண்டு பக்கமும் பிரிச்சு, அதே துணியில அகலமா ஒரு பட்டை வச்சா முடிஞ்சிச்சு. அரை மணி நேர வேலை. மிச்சத் துணி இருக்கு, பொட்டியில. பத்து நாளா அதுவும் என்னைப் பாத்துக்கிட்டேதான் இருக்கு.

நோட்டைக் குடுங்க. டைரக்டர்கிட்ட நானே காட்டுறேன். நாலு பேர் இருக்கும்போதே காட்டுறேன், ஆர்மோனியக்காரரும் இருக்கட்டும். சாயங்கால ஆட்டத்துக்குள்ள ஜட்ஜை மறுபடி கூப்பிட்டாகணும்ல? அந்த அம்மா இன்னிக்கும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. இல்ல, நீங்க இங்கேயே இருக்க வேணாம், கூடவே வாங்க. நடந்தது உங்களுக்கு, நீங்க இல்லாம எப்படி?

நில்லுங்க, நில்லுங்க, வெறும் வயித்தோட எங்க போறீங்க? இஸ்திரி மேசை மேல என் டப்பா இருக்கு, மூணு அடுக்கு. முழுசாச் சாப்பிடுங்க, எனக்கு ஒரு வாய்கூட வைக்காதீங்க.

உங்க வெள்ளரிக்காயை இப்படிக் குடுங்க. பத்து நாளைக்கு அது எனக்கு.