மே தோவின் வாய்க்குள் நீண்ட கை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே! இந்த வயதில் எனக்கு எழுத்துக் காட்டிய பள்ளி ஆசிரியை அவர்களே! யானையோடு வளர்ந்து யானையோடு நரைத்த பாகர்களான பெரியோர்களே! யானைக்கு மருந்து உருண்டை பிடிக்கப் புளி இடித்தே கை காய்த்த தாய்மார்களே! இன்று விடைபெறும் எங்கள் ஐனோவே! எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என் கையில் இருப்பது காகிதம். காகிதத்தில் இருப்பது என் கையெழுத்து! பதினோரு நாள் எழுதினேன். என்ன தம்பி? வாசிக்கவும் பதினோரு நாள் ஆகுமா என்றா கேட்கிறாய்? ஆனால் ஆகட்டும், உட்கார்!

பின்லாந்திலிருந்து நம் சியாங் மாய் நகருக்கு விலங்கு மருத்துவம் படிக்க வந்தவள் ஐனோ. விடுமுறை நாளெல்லாம் நம் யானை முகாமுக்கு வந்தாள். கூலி கேட்டாளா? இல்லை. யானைமேல் ஏறக் கேட்டாளா? அதுவும் இல்லை. புதியவர் பத்து வாரம் யானையைத் தொடக்கூடாது, புல் வெட்டி, சாணம் அள்ளி, தம் வியர்வை வாசத்தை அதற்குப் பழக்க வேண்டும் என்பது நம் வழக்கம்.

"பனியில பொறந்த பொண்ணு, ரெண்டாம் வாரமே ஓடிரும்" என்று சிரித்தேன். ஓடினாளா? பத்து வாரமும் அள்ளினாள்!

பதினோராம் வாரம் நல்ல மழை. என் யானை மே தோவுக்கு வயிற்றில் பூச்சி. பூச்சி மருந்துக்கு நீல மூடி, கால்புண் மருந்துக்குச் சிவப்பு மூடி. அதுதான் என் படிப்பு! முந்தைய நாள் இரண்டு புட்டியின் மூடியையும் கழுவி, தவறுதலாக மாற்றிப் போட்டவன் நானே. மருந்தைப் புளியில் உருட்டி மே தோவின் வாயில் வைத்துவிட்டேன். ஐனோ புட்டியைப் பார்த்தாள்.

"மாமா! இது கால் மருந்து! உள்ள போனா செத்துடும்!"

என் கையைத் தவிர வேறு கைக்கு வாய் திறக்காத யானை அது. அந்த வாய்க்குள் முழங்கைவரை கையை விட்டாள்!

"எடும்மா கைய, நசுக்கிடும்!" என்று அலறினேன்.

நசுக்கியதா? பத்து வார வியர்வையை மே தோ மறக்கவில்லை. அசையாமல் நின்றது. உருண்டை முழுசாக வெளியே வந்தது!

"மேலயே எழுதியிருக்கே மாமா, பாக்கலையா?"

"எனக்கு அது எறும்பு ஊருற மாதிரிம்மா."

அவள் சிரிக்கவில்லை. எவரிடமும் சொல்லவும் இல்லை. இன்று நானே சொல்கிறேன். அங்கே என் மனைவி நோ பே எழுந்துவிட்டாள். "அட மனுசா, எங்கிட்டகூட மறைச்சியா?" என்கிறாள். மறைத்தேன் நோ பே, வெட்கத்தால் மறைத்தேன்! மறுநாளே முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

பெரியோர்களே! ஒரு யானையின் உயிர் சிறிதா? அதைக் காக்கக் கடல் கடந்து வந்த கை சிறிதா? இல்லை, இல்லவே இல்லை!

ஐனோ, மருந்துக் கொட்டகையைத் திரும்பிப் பார். அங்கே கால் மருந்துக்கு மேலே தொங்கும் பலகை நேற்று நான் எழுதியது. 'இது காலுக்கு. வாய்க்கு அல்ல.' கோணல்தான். ஆனால் இனி எந்த மூடி மாறினாலும் என் மே தோ பிழைக்கும்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. போய் வா மகளே. நீ கடிதம் எழுது, நானே படிப்பேன்!