வாக்காளர் பட்டியலில் ஒரு முகம்

— எல்வீரா அக்கா, கட்டை விரலை நீட்டுங்க. மை வெக்கணும்.

— என்னடி இரசேமா, பேனா பென்சில் விக்கிறவளுக்கு இன்னிக்குச் சாவடியில நாற்காலியா!

— குலுக்கல்ல என் பேரு விழுந்துச்சு, என்ன பண்ண? இன்னும் ரெண்டு பேருக்கும் விழுந்துச்சு. அவங்க பயந்துக்கிட்டு வரல.

— பயப்படாம? போன வாரந்தானே மேயருக்கு நின்னவனைச் சுட்டாங்க...

— மெல்லப் பேசுங்கக்கா.

— காணாமப் போனவங்களைக் கண்டுபிடிப்போம்னு செவுரு பூரா ஒட்டியிருக்காங்க. போன அதிபர் தேர்தல்லயும் இதையேதான் சொன்னாங்க. இந்த மெக்சிகோவுல யார் ஜெயிச்சாலும் மண்வெட்டி நம்ம கையிலதான்.

— ம்... உங்க வீட்டுக்காரரு, நாபோர் அண்ணன் வரலையா?

— வெளிய வரிசையில நிக்கிறாரு. ஓட்டுப் போட்டுட்டு நேரா மலைக்குப் போறாராம், எங்க மகன் உலிசெஸைத் தேட. அவரு இங்க வர்றதே பட்டியல்ல உலிசெஸ் படத்தைப் பாக்கத்தான். அப்பனும் மகனும் ஒரே பக்கத்துல. "பாரு, சர்க்காரே இவன் இருக்கான்னுதான் வெச்சிருக்கு"ன்னு போன தடவை தடவித் தடவிப் பாத்தாரு.

— அக்கா... காலையில அந்தப் பக்கத்தைப் புரட்டினேன்.

— புரட்டி?

— உலிசெஸ் படம் இல்லக்கா. பேரும் இல்ல. ஓட்டு அட்டைக்கு வருஷம் முடிஞ்சிருக்கும், அவ்வளவுதான். நீங்க மனசை விட்டுடாதீங்க...

— அதையே அவருகிட்டயும் சொல்லு. அட்டை காலாவதின்னு. ஒரு வார்த்தை மாறக் கூடாது.

— என்னக்கா... திட்டுவீங்க, அழுவீங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். நீங்க...

— அழுது முடிச்சாச்சுடி.

— எப்போ?

— பிப்ரவரியில. அவரு முதுகு புடிச்சுப் படுத்திருந்தாருல்ல, அந்த வாரம். புள்ளைங்களைத் தேடுற பொம்பளைங்களோட நான் மட்டும் மலைக்குப் போனேன். கம்பியை மண்ணுல அடிச்சு, பொண வாடை வருதான்னு உருவி மோந்து பாத்தது நான்தான்.

— ஐயோ... அக்கா!

— கத்தாத. அவன் இறப்பைப் பதிஞ்சாத்தான் எலும்பைத் தருவோம்னு சர்க்காருல சொன்னாங்க, பதிஞ்சேன். பட்டியல்லயும் வெட்டுவாங்கன்னு இந்த மண்டைக்கு எட்டல.

— அண்ணன்கிட்ட சொல்லிடுங்கக்கா. எத்தனை நாளைக்கு மறைப்பீங்க?

— ஞாயித்துக்கிழமை மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போகணுமேன்னுதாண்டி அவரு சனிக்கிழமை வரைக்கும் சாப்பிடுறாரு... கண்ணைத் துடை. அவரைக் கூப்பிடு.